மூன்று வேலை நாட்கள்

ஜனவரி 3, புதன்

காலை 89. மாலை 87.

இந்த டைரி யாரோ ஆன்லைனில் வாங்கி, இரண்டு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு, 'நிறம் பிடிக்கவில்லை' என்று திருப்பி அனுப்பியது. எங்கள் கிடங்கில் இப்படித் திரும்பி வந்து, மறுபடி விற்க முடியாத சாமான்களை ஒரு நீலத் தொட்டியில் போடுவோம். லைன் லீடரிடம் கையெழுத்து வாங்கி அதிலிருந்து எடுத்து வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். நடுவில் ஏதாவது ஒளித்துவைத்திருப்பேனாம்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், நைனாவின் விரலில் கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற எண்ணைத் தினம் இரண்டு வேளை எழுதிவைக்கச் சொன்னார். தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாதாம். போகிறது. ஒரு எண்ணுக்கு ஒரு பக்கம் வீண் என்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

காலை 88. மாலை 88.

நைனா என் அப்பா. பெயர் ஏகாம்பரம். வயது ஐம்பத்தொன்று. பார்ப்பவர்கள் எழுபது என்பார்கள். பதினாறு வருடம் மணலியில் எண்ணெய் டேங்குகளுக்கு மணல் அடித்தார். டேங்குக்குள் இறங்கி, கம்ப்ரஸர் காற்றில் மணலைப் பீய்ச்சித் துருவை உரிக்கிற வேலை. மூக்கில் கட்டிக்கொள்ள கம்பெனி எதுவும் தரவில்லை. பழைய பனியனைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். அந்த மணல்தான் இப்போது நெஞ்சில் இருக்கிறது. டாக்டர் வாயால் நோயின் பெயரைச் சொன்னார். சீட்டில் எழுதச் சொன்னபோது, "அதுக்கு வேலை பாத்த ரெக்கார்டு வேணும்மா" என்றார். கான்டிராக்டரின் எந்த நோட்டிலும் நைனாவின் பெயர் இல்லை. பதினாறு வருடமும் தினக்கூலி கேட் பாஸ்தான். அது சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

ஒரு வாடகை சிலிண்டர் இருக்கிறது. சிக்கனமாகப் பிடித்தால் மூன்று நாள் வரும். இனி ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும் என்கிறார்கள். அதற்கு மெஷின்தான் வழி. கரண்டில் ஓடும், அறையில் இருக்கிற காற்றிலிருந்தே பிரித்துக் குழாயில் கொடுக்கும். புதிது நம்மால் ஆகாது. வாடகைக்கு விடுகிறவர்கள் டெபாசிட்டாகப் பாதி விலை கேட்கிறார்கள். அதோடு சொந்த வீட்டுப் பத்திரம் உள்ள ஒருவரின் கையெழுத்தும். எங்கள் தெருவில் பத்திரம் வைத்திருப்பவர் யாரும் இல்லை.

ஜனவரி 7, ஞாயிறு

காலை 88. மாலை 86.

பழைய சாமான்களை ஏலம் விடுகிற ஒரு வெப்சைட்டில் கிடைத்தது. ஒன்றரை வருடம் ஓடிய மெஷின். விற்பவர் தூத்துக்குடி, பெயர் ரோஸ்லின். ஏலம் வெள்ளி மாலை ஆறு மணிக்கு முடிகிறது. போட்டோவில் மேசை மேல் மெஷின். பின்னால் சுவரில் மாலை போட்ட ஓர் ஆளின் படம், அதற்குச் சிவப்பு பல்பு.

நம்பருக்குப் பேசினேன். பேச்சில் வயது ஐம்பதுக்கு மேல் தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு வாங்குனதும்மா. துறைமுகத்துல கரி இறக்குனவுக. போன ஆடியில தவறிட்டாவ. சும்மா கெடக்கு, யாருக்காவது ஒதவட்டும்னுதான்."

இன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து, மெஷினை ஓடவிட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் அனுப்பினார். தேதி சரி. மெஷின் உர்ரென்று ஓடுகிறது. அவரே மறுபடி கூப்பிட்டார்.

"சத்தம் கேட்டுச்சா மக்கா? மொதல்ல எரிச்சலா இருக்கும். பெறவு அது இல்லாம ஒறக்கம் வராது. அவுக போன பெறகு ஒரு மாசம் நான் ஒறங்கல. வீடே செத்த மாதிரி கெடந்துச்சு."

வீடியோ யாரும் எடுக்கலாம். ஆனாலும் ஏலத்தில் சேர்ந்தேன்.

ஜனவரி 8, திங்கள்

காலை 87. மாலை 87. ஓவர்டைம்.

ஜனவரி 10, புதன்

காலை 87. மாலை 85.

நான் ஏன் யாரையும் நம்புவதில்லை என்று பெனாசிர் கேட்டாள். அவளும் என்னோடு ரிட்டர்ன் பிரிவில்தான் இருக்கிறாள். அவளே கேட்கிறாள்!

ஒரு நாளைக்கு நானூறு பெட்டி பிரிக்கிறேன். போன் திருப்பி அனுப்பியதாகச் சொல்லும் பெட்டியில் துணி சோப்பு இருக்கும். இன்று ஒரு பெட்டியில் டைல்ஸ் துண்டு, அதோடு நோட்டுத் தாளில் ஒரு கடிதம்: 'ஐயா, நான் பணம் கட்டியது மிக்சிக்கு. நீங்கள் அனுப்பியது இது. என் பணத்தைத் தரவும்.' யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. ஸ்கேன் பண்ணி 'பொருள் மாறியுள்ளது' என்ற பட்டனைத் தட்டினால் போதும். அதற்குமேல் அந்த மனுஷன் கம்பெனியோடு சண்டை போட வேண்டியதுதான்.

நைனாவுக்கு ஏலத்தைச் சொன்னபோது சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரிப்பார்.

"காத்த வச்சுத்தாண்டி மணல அடிச்சோம். டேங்குக்குள்ள அவ்ளோ காத்து. ஓசில வந்துச்சு. இப்ப எம் பொண்ணு காத்த ஏலத்துல எடுக்குது."

"சிரிக்காத நைனா."

"சரி, அழட்டா?"

ஜனவரி 12, வெள்ளி

காலை 86. மாலை 85.

ஏலம் எனக்கு விழுந்தது.

கிடங்கினுள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே என்னால் முடிந்த உச்சத் தொகையைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் 'வாழ்த்துகள்' என்று வந்திருந்தது. பெனாசிர் என்னைக் கட்டிப்பிடித்தாள். அம்மாவின் கம்மலும் என் ஆறு மாத ஓவர்டைமும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தன. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கம்மலை விற்றுவிட்டேன்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும். எந்த முறையில் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொருள் வந்த பிறகு பணம் கொடுப்பது: மருத்துவக் கருவிகளுக்குக் கிடையாதாம்.

கிரெடிட் கார்டு: கட்டிய நிமிடமே உறுதி. என்னிடம் கார்டு இல்லை. லைன் லீடர் விக்னேஷிடம் இருக்கிறது. லாக்கர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், "நான் போட்டு விடுறேன் கௌசல்யா. நீ மெதுவா குடு. அப்படியே ஞாயித்துக்கிழமை ஒரு காபி சாப்பிட வெளிய போலாம்" என்றான். காபி என்று அவன் சொன்ன விதத்தில் பெனாசிர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

விற்பவருக்கு நேராகப் போனில் அனுப்புவது: உடனே போய்விடும். அதன் கீழே சிவப்பில், 'இம்முறையில் ஏற்படும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.'

நிறுவனத்தின் காப்புக் கணக்கில் கட்டுவது: பணம் அவர்களிடம் இருக்கும். சரிபார்க்க மூன்று வேலை நாட்கள். பிறகுதான் விற்பவரை அனுப்பச் சொல்வார்கள். பொருள் கைக்கு வந்து 'பெற்றுக்கொண்டேன்' என்று நான் தட்டிய பிறகுதான் விற்பவருக்குப் பணம் போகும்.

பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடலாம் என்றாள் பெனாசிர். பொங்கல் வாரத்தில் லீவு போட்டால் எங்கள் கிடங்குக் கான்டிராக்டர் மறுபடி உள்ளே விடமாட்டான். பகலில் நைனாவைப் பக்கத்து வீட்டு பத்மாக்கா பார்த்துக்கொள்கிறார். இரண்டு நாள் ராவும் பகலும் அவர் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். நைனாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

"ஒனக்குத்தான் விழுந்திருக்கு மக்கா, சந்தோசம். அப்பா எப்டி இருக்காவ?"

"அப்படியேதான் இருக்காரு. பணத்தைச் சைட்டுல கட்டப்போறேன்."

"கட்டு. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. அதுல போட்டா அவனுவ சரின்னு சொல்லுத வரைக்கும் நான் அனுப்பக் கூடாதாம். எனக்கு நேரா போட்டியன்னா இந்தா இப்பமே ஆம்னி பஸ்ல ஏத்திவிடுதேன். காலைல கோயம்பேட்டுல எடுத்துக்க. பாதியப் போட்டாப் போதும். மீதிய மெஷின் ஓடுதத பாத்துட்டுப் போடு."

இதே பேச்சுத்தான். 'பாதி போட்டால் போதும், இன்றே அனுப்புகிறேன், மகளே, தங்கச்சி.' ஏமாந்தவர்கள் எழுதி அனுப்புகிற எல்லாக் கடிதத்திலும் இந்தப் பேச்சு இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"போட்டு வுடேன் கவுசி. நல்ல அம்மா மாறி கீது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது நைனா. எல்லாம் முதல்ல நல்ல அம்மாவாத்தான் பேசும்."

"மக்கான்னு கூப்புடுது பாரு."

"உன் கான்டிராக்டரு உன்ன எப்படிக் கூப்பிடுவான்? 'அண்ணாத்த'ன்னுதான? அதுல மயங்கித்தான பதினாறு வருஷம் ஒரு கையெழுத்துகூட வாங்காம எறங்குன? நம்பி நம்பித்தான் இப்படிக் கெடக்குற."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி. நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கோபத்தில் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 13, சனி

காலை 86. மாலை 84.

காலை ஒன்பது மணிக்குக் காப்புக் கணக்கில் கட்டிவிட்டேன். 'உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது. சரிபார்ப்பு: மூன்று வேலை நாட்கள்.' திங்கள், செவ்வாய், புதன். புதன் இரவு பஸ்ஸில் ஏறினால் வியாழன் காலை இங்கே இருக்கும். ரோஸ்லினுக்குச் சொன்னேன். "சரி மக்கா. ஒன் இஷ்டம்" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. ஏமாற்றத்துக்கு என்ன காரணம் என்று யோசித்தேன். கைக்கு வரவேண்டிய பணம் தப்பிப் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நான் செய்தது சரி.

ஜனவரி 14, ஞாயிறு

காலை 77.

போகி. நாலு மணிக்கே தெருவில் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பாய், தலையணை, பிளாஸ்டிக் நாற்காலி, லாரி டயர். ஜன்னலுக்கும் கதவிடுக்குக்கும் ஈரப் புடவையைச் சுற்றினேன். ஒரே அறை, புகை எங்கே போகும்? நைனா வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தமே வரவில்லை. சிலிண்டரை முழுதாகத் திறந்துவிட்டேன்.

வெளியே ஓடிக் கத்தினேன். டயரை எரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான், நைனாவோடு வேலைக்குப் போனவர்கள். பத்மாக்கா வாளித் தண்ணீரை எடுத்து வந்து ஊற்றினார். ஒருவர், "பண்டிகை நாளும் அதுவுமா அடுப்ப அணைக்கிற மாறி அணைக்கிறியே" என்று பத்மாக்காவிடம் சண்டைக்கு வந்தார். அவருக்கும் இருமல் இருக்கிறது. அவரும் அதே டேங்கில் இறங்கியவர். எரிக்க வேண்டியவர்கள் மணலியில் ஏசி அறையில் இருக்கிறார்கள். நாம் நம் தெருவிலேயே டயரை எரித்து நம் நெஞ்சிலேயே வாங்கிக்கொள்கிறோம்.

உள்ளே வந்தபோது நைனா கையால் ஜாடை காட்டினார். விட்டுவிடு என்று.

மதியம் கேஸ் டிப்போவில் சிலிண்டரை மாற்றினேன். ஷட்டரில் ஒட்டியிருந்தது: 'பொங்கல் விடுமுறை. வியாழன் திறக்கப்படும்.' பாதி ஷட்டர் போட்டுக்கொண்டிருந்தவர் கடைசியாக ஒன்று கொடுத்தார். வியாழன்தான் மெஷின் வந்துவிடுமே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் போர்டைப் படித்தும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மாலை 79.

ஜனவரி 15, திங்கள்

காலை 79. மாலை 78.

பொங்கல். எங்களுக்கு வேலை. பண்டிகைத் தள்ளுபடியில் விற்றதெல்லாம் இப்போது திரும்பி வரும். பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு பேப்பர் கப்பில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, கரும்போடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

மதியம் லாக்கரில் போனைப் பார்த்தேன். 'சரிபார்ப்பில் உள்ளது.' உதவி எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த குரல்: பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் விடுமுறைக்குப் பிறகு எங்கள் அலுவலகம் வியாழனன்று இயங்கும்.

திங்கள், செவ்வாய், புதன். நான் எண்ணிய மூன்று நாளும் விடுமுறை. வியாழன், வெள்ளி, சனிதான் அவர்களுக்கு வேலை நாட்கள்.

"எப்படிடி பொங்கல மறந்த?" என்றாள் பெனாசிர்.

மறக்கவில்லை. பொங்கல் என்று தெரியும். லீவு என்று தெரியாது. மூன்று வருடமாக எனக்கு எல்லாப் பண்டிகையும் வேலை நாள்தான். பெனாசிர் தலையில் அடித்துக்கொண்டாள். "நமக்குத்தாண்டி லீவு இல்ல. நம்ம காச வச்சிருக்கிறவனுக்கு இருக்கும்ல" என்றாள்.

ஜனவரி 16, செவ்வாய்

காலை 76. மாலை 74.

பணத்தை ரத்து செய்து ரோஸ்லினுக்கு நேராக அனுப்பலாம் என்று பார்த்தேன். ரத்து செய்தால் திரும்பி வர ஏழு வேலை நாட்கள். கையில் வேறு பணம் இல்லை. வாடகை மெஷின்காரர்கள் போனை எடுக்கவில்லை.

காலையில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வராந்தாவில் இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தார்கள். எண் 90 வந்தது. அட்மிஷனுக்குப் படுக்கை இல்லை, தரையில் பாய் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நைனா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வூட்டுக்கு இட்டுனு போ. இங்க வுட்டா திரும்பி வரமாட்டேன்." கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படி வரும் என்று தெரியாமலே, இரண்டு நாளில் மெஷின் வரும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை அவரை நம்பாத நான், இன்று என்னை நம்பச் சொல்லிக் கேட்டேன். மெஷினை இப்போதே அனுப்புங்கள், பணம் சைட்டில் இருக்கிறது, சனிக்கிழமை வந்துவிடும் என்று.

ரோஸ்லின் தயங்கித்தான் பேசினார்.

"மக்கா, தப்பா நெனைக்காத. அவுக வண்டிய இப்படித்தான் வித்தேன். பணம் போட்டாச்சுன்னு ஒருத்தன் போன்ல காட்டுனான். நானும் சாவியக் குடுத்துட்டேன். ஒத்த ரூவா வரல. எம் மவ இன்னும் ஏசுதா. இந்த மெஷின் காசுலதான் அவளுக்கு நர்சிங் பீசு கட்டணும். அவள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் போனையே எடுத்திருக்கமாட்டேன்.

ஜனவரி 17, புதன்

காலை 71.

இன்றும் வேலைக்குப் போகவில்லை. கான்டிராக்டர் என்ன செய்வானோ செய்யட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு ரோஸ்லின் கூப்பிட்டார்.

"ஏழு மணி பஸ்ல ஏத்துதேன். புக்கிங் போட்டாச்சு. காலைல எடுத்துக்க."

"உங்க பொண்ணு என்ன சொன்னா?"

"ஏசத்தான் செஞ்சா. நீ ஏமாத்துனா ஏமாத்திட்டுப் போ மக்கா. ஒருத்தர் மூச்சுக்குப் போயி எத்தன பேர்ட்ட யோசன கேக்க?"

நைனாவின் காதில் சொன்னேன். கண்ணைத் திறந்தார். "நாந்தான் சொன்னேன்ல" என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். டேங்குக்குள் சத்தத்தில் பேச முடியாதபோது காட்டுகிற ஜாடை அது. எல்லாம் சரி, கயிற்றை இழு.

மதியம் மூன்று மணி: 68. சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. பத்மாக்கா 108-க்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்.

ஜனவரி 18, வியாழன்

எண் இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

புதன் மாலை ஐந்து நாற்பது. ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு. வண்டியில் ஆக்சிஜன் நிறைய இருந்தது.

ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். டெபாசிட் கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. 'பிறகு கொடுங்கள்' என்றார்கள். பொங்கலுக்கு மூடாத ஒரே கடை அதுதான்.

ஏழு மணிக்கு முன்னால் ரோஸ்லினைக் கூப்பிட்டு, ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. தோன்றியது. செய்யவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு பஸ் ஆபீஸிலிருந்து போன். பார்சல் வந்திருக்கிறது, எடுக்காவிட்டால் வாடகை ஏறும் என்று. பெனாசிர் ஷிப்டை விட்டுவிட்டுப் போய் எடுத்து வந்தாள். வைக்க இடமில்லை. நைனாவின் தலைமாட்டில் வைத்தோம். ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. மாலை தூக்கி வந்த சிலர், பார்சலும் சாவுச் சாமான் என்று நினைத்து அதன்மேல் மாலைகளை வைத்தார்கள்.

வியாழன் காலை வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வியாழன் காலை வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். போகியன்று டயர் கொளுத்தியவர்தான் முன்னால் தோள் கொடுத்தார்.

ஜனவரி 20, சனி

'சரிபார்ப்பு முடிந்தது. பொருளை அனுப்புமாறு விற்பனையாளருக்குத் தெரிவித்துள்ளோம். எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.'

வேலைக்குப் போனேன். கான்டிராக்டர் ஒரு நாள் துக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மற்ற நாட்களை ஆப்சென்ட் போட்டிருந்தான்.

ஜனவரி 21, ஞாயிறு

துரைக்கண்ணு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெட்டியை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்தார். போனை வாங்கிப் படித்தார்.

"இதுல இன்னும் 'அனுப்பப்படவில்லை'ன்னுதான் கீது?"

"அந்தம்மா முன்னாடியே அனுப்பிட்டாங்க மாமா. சைட்டுக்குத் தெரியாது."

"அப்ப கேன்சல் பண்ணு. முழுப் பணமும் வந்துரும். மெஷினும் நம்ம கையில. அனுப்புனேன்னு அந்தம்மா எங்கப் போயி சொல்லும்? இன்னா ப்ரூப் கீது?"

"பஸ் ரசீது இருக்கும்."

"ரசீதுல 'வீட்டுச் சாமான்'னு இருக்கும். கவுசி, நான் திருடச் சொல்லல. காரியம் வருது. ஐஸ் பெட்டிக்காரன், மேளம், பந்தல், எல்லாம் என் பேர்ல நிக்குது. அந்த மெஷினால உனுக்கு ஒரு மூச்சு லாபம் உண்டா, சொல்லு?"

மாமா கெட்டவர் இல்லை. அவர் சொன்ன இந்த வழி வியாழக்கிழமையே என் தலையில் ஓடியது, ஐஸ் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. ரிட்டர்ன் பிரிவில் மூன்று வருடம். எந்தப் பட்டனைத் தட்டினால் யார் பணம் யாருக்குப் போகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

மாமாவுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 22, திங்கள்

காலையில் வேலைக்குப் போகுமுன் பெட்டியைப் பிரித்தேன். வேலையிடத்தில் பிரிப்பதுபோலவே, டேப்பின் நடுவில் கத்தியை வைத்து ஒரே கோடாக. பழைய போர்வையில் சுற்றி, மூலைகளுக்குத் தேங்காய் நார் அடைத்திருந்தார். புதுக் குழாய் இரண்டு. கோணல் எழுத்தில் ஒரு தாள்: 'பில்டரை வாரம் ஒருக்க கழுவணும். தண்ணி காய்ச்சி ஆறவச்சது ஊத்தணும். மூக்குல புண்ணு வந்தா தேங்காண்ண தடவு.'

சோப்பு இல்லை. டைல்ஸ் துண்டு இல்லை.

'பெற்றுக்கொண்டேன்' என்று தட்டினேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆம். 'பொருள் உங்கள் எதிர்பார்ப்பை நிறைவு செய்ததா? ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடவும்.' ஐந்தையும் தட்டினேன்.

சாயங்காலம் ரோஸ்லின் கூப்பிட்டார்.

"பணம் வந்துட்டு மக்கா. எம் மவ முன்னாலயே பாத்தேன். 'பாத்தியாடி'ன்னு கேட்டேன், வாயத் தொறக்கல." சிரித்தார். "அப்பா எப்டி இருக்காவ?"

"தூங்குறாரு."

"மெஷினு போட்டிருக்கியளா?"

"ஆமா."

அவர் உற்றுக் கேட்பது எனக்குத் தெரிந்தது.

"சத்தம் கேக்கலயே மக்கா."

"வெளிய நிக்கிறேன்மா. இருங்க, உள்ள போறேன்."

நான் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். ஒருமுறை கீச்சிட்டது. பிறகு உர்ரென்று பிடித்துக்கொண்டது. போனைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கேக்குதா?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடமும் இருக்கலாம்.

"கேக்குது" என்றார். குரல் மாறியிருந்தது. "நீ சாப்ட்டியா?"

"இனிமேதான்."

"சாப்புடு மக்கா. போட்டுக்கோ, நிப்பாட்டாத. இன்னைக்கு ஒரு ராத்திரி ஓடட்டும். நான் வச்சிருதேன்."

நைனாவைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.

நிறுத்தவில்லை. குழாயின் நுனியில் காற்று வந்துகொண்டிருக்கிறது, கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. டாக்டர் சொன்னபடி டைரியை எடுத்துவிட்டேன். மாட்டுவதற்கு வேறு விரல் இல்லை. கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்த்தேன்.

மாலை 98.